திஸ்கியில் கிடக்கும் நாடகங்கள் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளர் அவர்களுக்கு,

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 2016-இல் வாங்கிய மடிக்கணினிதான் இன்னும் வைத்திருக்கிறேன். திறந்து வைத்துவிட்டுப் போய் டீ கலக்கிக்கொண்டு வந்தால்தான் தயாராகும். அது பரவாயில்லை. இப்போது விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. கடைக்காரப் பையன் "இதுல பதினொன்னு ஏறாது ஆண்டி, புதுசு வாங்கிடுங்க" என்றான். மகனும் அதையேதான் சொல்கிறான்.

என் கவலை வேறு. பள்ளி விழாக்களுக்கு எழுதிய நாடகங்கள், கவிதைகள் எல்லாம் பழைய மேசைக் கணினி காலத்திலிருந்து இதற்குள்தான் இருக்கின்றன. ஒன்றிரண்டைப் பெண்டிரைவில் எடுத்துப் போய் மருமகளின் புதுக் கணினியில் திறந்தேன். தமிழையே காணோம். தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடந்தன. எல்லாம் அழிந்துவிட்டதா? புதியது வாங்கினால் மற்றவையும் இப்படித்தான் ஆகுமா?

– ஒரு வாசகி, செந்தூல்

அன்புள்ள டீச்சர்,

ஒரு எழுத்துகூட அழியவில்லை. முதலில் நிம்மதியாக இருங்கள்.

நீங்கள் அவற்றைத் தட்டச்சு செய்த காலத்தில் நம் கணினிகளுக்குத் தமிழ் தெரியாது. எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள். முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். மறுபாதியில் பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழிகளின் புள்ளி வைத்த எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். அவற்றை எழுப்பிவிட்டு அந்த நாற்காலிகளில் தமிழை உட்கார வைத்தார்கள். கணினி சேமித்தது வெறும் இட எண்களைத்தான். உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் தமிழ் தெரிகிறது. மருமகளுடையதில் இல்லை, அதனால் பழைய குடித்தனக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

போதாக்குறைக்கு, எந்த இடத்தில் எந்தத் தமிழ் எழுத்து என்பதற்கு அப்போது ஆளுக்கொரு குறியீடு. திஸ்கி என்றார்கள், 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டில் டாப், டாம் என்று இரண்டு வந்தன. 2001-இல் நம் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு நடந்தது. நம்மூர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் வழியாகத்தான் இங்கே பலரும் தமிழ் தட்டச்சுக்கு வந்தோம். பிறகு எல்லாரும் யூனிகோடுக்கு மாறினோம். அதில் தமிழுக்கென்றே தனி இடம் உண்டு, எந்தக் கைப்பேசியிலும் தெரியும். பழைய கோப்புகள் மட்டும் நம்மோடு வரவில்லை, யாராவது மாற்றினால்தானே வரும்.

அந்தப் பழைய எழுத்துருவை மருமகள் கணினியில் போட்டால் உடனே தமிழ் தெரியும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைக்கு அனுப்பினால் மறுபடியும் அதே குப்பைதான் போய்ச் சேரும். யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதுவும் புதியது வாங்குவதற்கு முன்பு, இந்தப் பழைய கணினியில் வைத்தே மாற்றுங்கள். மூலம் இப்போது சரியாகத் தெரிவது இதில்தான், ஒப்பிட்டுப் பார்க்கச் சுலபம்.

கோப்பைத் திறந்து, ஒரு வரியின் மேல் கர்சரை வைத்து எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். டிஎஸ்சி (TSC) என்று தொடங்கினால் திஸ்கி. அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, எழுத்துருமாற்றியில் (பழைய குறியீட்டை யூனிகோடாக்கித் தரும் மென்பொருள்) அதே குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். மாற்றியதும் 'கொ', 'பே', 'லை' வரும் இடங்களைக் கவனியுங்கள். திஸ்கியில் நாம் கையால் எழுதுகிற வரிசைதான்: முதலில் கொம்பு, அடுத்து க, அப்புறம் கால். யூனிகோடில் க முதலில் வந்தாக வேண்டும். மாற்றி இதில் தடுமாறினால் கொம்பு தனியே ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும், கண்ணில் படாமல் போகாது.

பள்ளி நாடகம் என்றால் நடுவில் போலீஸ்காரரோ தோட்டத்துக் கிராணியோ மலாயில் இரண்டு வசனம் பேசாமல் இருக்கமாட்டார். திஸ்கியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தைத் தொடவில்லை என்பதால் அந்த வசனங்கள் தப்பித்துவிடும். பாமினி எழுத்துருவில் எழுதியவர்கள் பாவம். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் இருப்பதால், மொத்தமாக மாற்றும்போது மலாயும் சேர்ந்து விளங்காத தமிழாகிவிடும். உங்கள் கோப்புகளில் ஒன்றிரண்டு அப்படி இருந்தால் பத்தி பத்தியாக மாற்றுங்கள்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். பையன் சொன்னது உண்மை. விண்டோஸ் 11 கேட்கும் இன்டெல் சில்லு எட்டாம் தலைமுறையிலிருந்துதான். உங்களுடையதில் ஐ3, ஐ5 என்பதற்குப் பின்னால் 6 என்று தொடங்கும் எண் இருக்கலாம், அதாவது ஆறாம் தலைமுறை, ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கணினி விவரத்திலோ பாருங்கள். ஆனால் அதனால் உடனே புதியது வாங்க வேண்டும் என்பது அவன் கடையின் கணக்கு. ஆதரவு முடிந்த 2025 அக்டோபர் 14-க்குப் பிறகும் உங்கள் கணினி ஓடும். பாதுகாப்புப் புதுப்பிப்புதான் முன்போல் வராது. பதிவு செய்துகொண்டால் கூடுதலாக ஓராண்டுக்குக் கிடைக்கும் ஏற்பாட்டையும் வைத்தார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள். வங்கி வேலையை மட்டும் இதில் செய்யாதீர்கள். 2022-இல் குறுஞ்செய்தியில் வரும் டிஏசி எண்ணை விட்டுவிடும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளிடம் சொன்னதிலிருந்து அதெல்லாம் கைப்பேசியில் உள்ள வங்கிச் செயலிக்குப் போய்விட்டதே.

டீ கலக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமில்லாத வேகமான எஸ்எஸ்டி போட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் அதற்கு நகலெடுக்கச் சொல்லுங்கள், நினைவகம் 4 ஜிபி என்றால் 8 ஆக்கச் சொல்லுங்கள். கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவின் மேல்மாடிகளில் பழுது பார்க்கும் கடைகள் இருக்கின்றன. கழற்றிய டிஸ்கைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள், அது உங்கள் நாடகங்களின் இன்னொரு பிரதி.

புதியதுதான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், மகன் ஆசையைக் கெடுப்பானேன். மெல்லிய மாடல்களில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், பின்னால் கூட்ட முடியாது. அதனால் வாங்கும்போதே 16 ஜிபி கேளுங்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இரண்டும் விண்டோஸிலேயே இருக்கின்றன.

பழையதை மட்டும் சூராட் காபார் லாமா (பழைய பேப்பர்) லாரிக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். கடைசி நாடகம் யூனிகோடுக்கு வந்து, நீங்கள் படித்துப் பார்த்து முடிக்கும்வரை அலமாரியிலேயே இருக்கட்டும். மாற்றியில் சிக்கல் வந்தால் ஒரு கோப்பை எனக்கு அனுப்புங்கள். எழுத்துருவின் பெயரையும் சேர்த்து.

அன்புடன்.