நோயே இல்லாதவர்களிடம் எதற்கு வைரஸ் கணக்கெடுப்பு?

கேள்வி (மாணவி): ரத்தப் புற்றுநோய் தொற்றிக்கொள்ளுமா சார்?

பதில்: புற்றுநோய் தொற்றாது, ஆனால் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.டி.எல்.வி-1 என்ற வைரஸ் தொற்றும். 1977-இல் ஜப்பானின் கியோட்டோ மருத்துவர்கள் அந்தப் புதுவகை ரத்தப் புற்றுநோயை விவரித்தார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் தெற்கே கியூஷூ தீவுப் பக்கம் பிறந்தவர்கள். பிறந்த ஊர்தான் துப்பு கொடுத்தது. வைரஸ் பிடிபட்டது அதற்கு அப்புறம்தான்.

கேள்வி (லேப் டெக்னீஷியன்): ஆரோக்கியமானவர்களை எங்கே பிடித்துப் பரிசோதிப்பது?

பதில்: ரத்ததான முகாமில்தான். ஜப்பானில் 1986 முதல் தானமாக வரும் ரத்தத்தில் எல்லாம் இந்த வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2006, 2007-இல் முதல்முறையாக ரத்தம் கொடுத்த சுமார் 12 லட்சம் பேரில் 3,787 பேருக்குத் தொற்று உறுதியானது. ஆயிரத்துக்கு மூன்று பேர். ஆனால் அதை வைத்துப் போட்ட தேசியக் கணக்கோ சுமார் 10.8 லட்சம் பேர், அதாவது ஆயிரத்துக்கு எட்டுக்கும் மேல்!

கேள்வி (அவரே): எப்படி சார் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: நல்ல கேள்வி. முதல்முறை ரத்தம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். வைரஸோ வயதானவர்களிடம்தான் அதிகம், அதிலும் பெண்களிடம். எழுபதைத் தாண்டிய பாட்டி முகாமுக்கு வரவே மாட்டார். அங்கே ரத்தம் கொடுக்க வயது வரம்பு 69. அதனால் வயது, பால், ஊர் என்று பிரித்துத்தான் கணக்கை நீட்ட வேண்டும். ஏற்கெனவே ரத்தம் கொடுத்தவர்களைச் சேர்த்தாலும் தப்பு: தொற்று உள்ளவர்களை முன்பே கழித்திருப்பார்கள். யாரை எண்ணினார்கள் என்று சொல்லாத சதவீதத்தை நான் சட்டை செய்வதில்லை.

கேள்வி (பெயர் வேண்டாம்): பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் நிச்சயமா?

பதில்: இல்லை. நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்குத்தான் வாழ்நாளில் வரும், அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே வைரஸ் இருப்பதே தெரியாது.

கேள்வி (செவிலியர்): அப்படியானால் கண்டுபிடித்து என்ன பயன்?

பதில்: குழந்தைக்குத்தான் பயன். வைரஸ் முக்கியமாகத் தாய்ப்பால் வழியே போகிறது. பல மாதங்கள் பாலூட்டினால் ஐந்தில் ஒரு குழந்தைக்குத் தொற்றலாம்; புட்டிப்பால் என்றால் நூற்றுக்கு மூன்று போல. நாகசாகியில் 1987-லேயே கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். தொற்று தெற்கில்தானே என்று மற்ற ஊர்கள் இருந்துவிட்டன. மக்கள் இடம்பெயர, தோக்கியோ, ஒசாகா பக்கமும் வைரஸ் போய்ச் சேர்ந்தது. 2010-இல்தான் இந்தப் பரிசோதனையை நாடு முழுக்கக் கர்ப்பகாலச் சோதனையில் சேர்த்தார்கள்.