பினாங்கில் வெல்டராக இருக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகும் முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

கேட்டிருப்பவர் பட்டர்வொர்த்தில் இருக்கும் 24 வயதுத் தம்பி. எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) மூன்றாம் நிலை முடித்து, பிறையில் ஒரு சப்-கான்ட்ராக்டரிடம் இரண்டு வருடமாக வேலை. சிங்கப்பூரா, ஆஸ்திரேலியாவா என்று கேட்கிறார். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப ஓர் ஏஜெண்டு 18,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறாராம்.

தம்பி, எந்த நாடு என்பதை அப்புறம் பேசலாம். உங்கள் சம்பளத்தில் இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி, பிடிக்கிறார்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

சம்பந்தமில்லாமல் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் நான் மண்ணைக் கவ்வினேன். நான் வெல்டிங் ராடைப் பிடித்து ஒன்பது வருடம் ஆன பிறகு ஆஸ்திரேலியாவுக்குத் திறன் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். அந்த ஒன்பதில் ஐந்து வருடம் மாக் மண்டின் பக்கம் ஒரு சின்னக் கடையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் தவுக்கே, அதாவது முதலாளி, சம்பளத்தைக் கவரில் ரொக்கமாகக் கொடுப்பார். இபிஎஃபுக்கு 11 விழுக்காடு வெட்டு இல்லை, பணம் முழுசாகக் கைக்கு வருகிறது என்று எங்களுக்கெல்லாம் சந்தோஷம். முதலாளி தன் பங்குக்குப் போட வேண்டிய 13 விழுக்காடும் போகிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறு வாரம் வேலை இருந்திருக்காது என்பது வேறு கதை.

மதிப்பீடு செய்கிறவர்களுக்கு நாம் போட்ட ஜாயிண்ட் தெரியாது, காகிதம்தான் தெரியும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை செய்தாய் என்று விவரமாக முதலாளி கடிதம் வேண்டும். அதோடு சம்பளம் வாங்கியதற்கு ஆதாரம்: சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, இப்படி. என்னிடம் அந்த ஐந்து வருடத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. தவுக்கேயைத் தேடிப் போனால் கடையில் இப்போது டயர் விற்கிறார்கள். இபிஎஃப் கணக்கறிக்கையைத் திறந்து பார்த்தேன், அந்த ஐந்து வருடமும் காலி. ஒன்பது வருட வெல்டர், காகிதத்தில் நாலு வருட வெல்டராகிவிட்டேன். மதிப்பீட்டுக்குக் கட்டிய பணமும் போச்சு.

அதனால் சொல்கிறேன், உங்களுடைய இரண்டு வருடத்தை இப்போதே காகிதத்தில் பிடித்து வையுங்கள். இபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) இரண்டும் போடுகிறார்களா என்று பாருங்கள். சம்பளம் வங்கிக்கு வரட்டும். ஒரு வேலையை விட்டு நிற்கும்போதே கடிதம் வாங்கிவிட வேண்டும். மூன்று வருடம் கழித்துப் போய் நின்றால், "யார் நீ?" என்பார்கள். பைப் ஜாயிண்ட், ஸ்ட்ரக்சர் வேலை எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். முகம் தெரிகிற மாதிரி எடுங்கள், வெல்டிங் முகமூடிக்குள் இருப்பது யார் என்று யாருக்குத் தெரியும்?

எஸ்கேஎம் நல்ல சான்றிதழ்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் படித்தீர்கள் என்பதற்குத்தான் அது சாட்சி. இன்று உங்கள் கை எப்படி என்பதற்கு அங்கே டெஸ்ட் இருக்கிறது. சிங்கப்பூரில் துவாஸில் நான் கொடுத்த டெஸ்ட் 6ஜி. பைப்பை 45 பாகை சாய்த்து அசையாமல் பிடித்து வைத்துவிடுவார்கள். பைப் சுழலாது, நாம்தான் அதைச் சுற்றி வளைய வேண்டும். ரூட், அதாவது ஜாயிண்டின் அடி வரி, ஆர்கான் வாயு காக்கிற டிக் வெல்டிங்கில். மேலே நிரப்புகிற ஃபில்லிங், மூடுகிற கேப்பிங் எல்லாம் 7018 ராடில், அதாவது ஸ்டிக் வெல்டிங்கில். முதல் தடவை நான் ஃபெயில். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பிறையில் முதுகுக்குப் பின்னால் பெரிய விசிறி ஓடினால்தான் எனக்கு வேலை ஓடும். அங்கேயும் ஒரு விசிறியை இழுத்து வைத்துக்கொண்டேன். காற்று ஆர்கானைக் கலைத்துவிட்டது. எக்ஸ்ரேயில் ரூட் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பொரோசிட்டி, அதாவது வாயுத் துளைகள். ஒரு மாதம் கழித்து, வியர்வை சொட்டச் சொட்ட, விசிறி இல்லாமல் செய்து பாஸானேன்.

இதிலும் காகிதம் வரும். வெல்டர் தகுதிக்கான அமெரிக்க விதிமுறை ஏஎஸ்எம்இ ஒன்பதாம் பிரிவின்படி, ஒரு ப்ராசஸில் (டிக், ஸ்டிக் போன்ற முறையில்) ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் விட்டால் அந்தத் தகுதி செல்லாது. டிக்கில் பாஸாகிவிட்டு எட்டு மாதம் ஸ்டிக்கிலேயே ஓட்டியவர்கள் மறுபடியும் டெஸ்டுக்கு நின்றதைப் பார்த்திருக்கிறேன். எந்த ப்ராசஸில் எப்போது வெல்டிங் செய்தீர்கள் என்று கியூசியிடம் (தரக் கட்டுப்பாட்டு ஆளிடம்) கையெழுத்து வாங்கிய பதிவேட்டின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை நமக்குக் கொஞ்சம் சுலபம். வொர்க் பெர்மிட்டில் வரும் மற்ற நாட்டுக்காரர்களுக்கு முதலாளி ஆளுக்கு 5,000 டாலர் பிணை கட்ட வேண்டும், மலேசியர்களுக்கு அது கிடையாது. போகும் முன் ஐபிஏ கடிதம், அதாவது பெர்மிட்டுக்கான கொள்கையளவு ஒப்புதல், கையில் வர வேண்டும். சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும். வாயில் சொன்னதும் அதில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்த பிறகு பஸ் ஏறுங்கள். அங்குள்ள ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடியது, ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான். வெளிநாட்டு ஆளை வைப்பதற்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிக்கவே கூடாது.

அங்கே நமக்கு சிபிஎஃப் (சிங்கப்பூரின் சேமநிதி) இல்லை. இதை நான் கவனிக்கவில்லை. ஆறு வருடம் சம்பாதித்தேன், வீட்டுக்கு அனுப்பினேன், இபிஎஃபில் சொந்தமாகப் போடலாம் என்று தெரிந்தும் போடவில்லை. ஒரு டாலருக்கு மூன்று வெள்ளிக்கு மேல் கிடைக்கிறது என்ற கணக்கு மட்டும் தலையில் ஓடியது. ஜொகூரில் தங்கிப் போய்வந்தவர்கள் வாடகையை மிச்சம் பிடித்தார்கள், ஆனால் காலை நாலு மணிக்கு எழுந்து பாலத்தில் வரிசை. எனக்கு அது ஒத்துவரவில்லை.

இப்போது அந்த 18,000 வெள்ளிக்கு வருகிறேன். எந்தக் கம்பெனி உங்களை ஸ்பான்சர் செய்கிறது என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். முதலாளி ஸ்பான்சர் செய்யும் ஆஸ்திரேலிய வேலை விசா 482-இல் முதலாளி பெயர் இல்லாமல் எதுவும் நகராது. "முதலில் டூரிஸ்டாகப் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அவர் எடுத்துக் கொடுக்கப் போவது இடிஏ என்ற சுற்றுலா அனுமதி. அதை நாமே கைப்பேசியில் 20 ஆஸ்திரேலிய டாலருக்கு எடுக்கலாம், ஆனால் அதை வைத்து வேலை செய்ய முடியாது. அப்படிப் போய்ப் பழத்தோட்டத்தில் ஒளிந்து வேலை செய்த நம் பையன்கள் கொஞ்சமில்லை. அங்கே அவர்களை வெல்டர் என்று யார் மதித்தார்கள்? ஏஜென்சிக்கு 1981ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிச் சட்டப்படி லைசென்ஸ் இருக்கிறதா என்று தொழிலாளர் இலாகாவில் விசாரியுங்கள்.

என்னைக் கேட்டால், இன்னும் ஒன்றரை வருடம் இங்கேயே இருங்கள், ஆனால் இபிஎஃப் போடுகிற கம்பெனிக்கு மாறிவிடுங்கள். பைப் வேலை கிடைக்கிற இடமாகப் பாருங்கள், வெறும் கேட், கிரில் அடிக்கிற இடம் வேண்டாம். சம்பளம் இருநூறு வெள்ளி குறைந்தாலும் போங்கள். ஆங்கிலத் தேர்வுக்கும் இப்போதே உட்காருங்கள். சைட்டில் பேசுகிற இங்கிலீஷ் வேறு, பரீட்சையில் எழுதுகிற இங்கிலீஷ் வேறு.

உங்கள் கூட்டாளி வயர்மேன், அவரும் வர ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் பாதை இன்னும் நீளம். இங்கே எரிசக்தி ஆணையம் கொடுத்த சான்றிதழை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவில் ஒரு பிளக்பாயிண்ட்கூட மாட்ட முடியாது. திறன் மதிப்பீடு முடிந்த பிறகும், அந்த நாட்டு விதிகளைத் தனியாகப் படித்து, லைசென்ஸ் உள்ளவர் மேற்பார்வையில் வேலை செய்து, போகிற மாநிலத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அவரிடமும் இபிஎஃப் கணக்கறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.