ஸ்பிதியில் வீட்டுத் தங்கல் – கடிதமும் பதிலும்

வணக்கம்,

வரும் ஆகஸ்டில் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகிறோம். நானும் மனைவியும், கூடவே 64 வயது அம்மா. ஓட்டல் வேண்டாம், லாங்சா, டெமுல் போன்ற ஊர்களில் அங்குள்ளவர்கள் வீட்டிலேயே தங்கலாம் என்று ஆசை. சுற்றுலா முகவர் மணாலியிலிருந்து ஒரே நாளில் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா, மறுநாள் லாங்சா என்று ஆறு நாள் திட்டம் கொடுத்திருக்கிறார். சைவம் கிடைக்குமா, கழிப்பறை எப்படி இருக்கும் என்பது அம்மாவின் கவலை. நல்ல வீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

செந்தில், ஈரோடு

அன்புள்ள செந்தில்,

அம்மாவின் கேள்விகள் சரியானவை. முகவரின் திட்டம்தான் தவறு. மணாலி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். காலையில் அங்கே கிளம்பி, 4,500 மீட்டரைத் தாண்டிய குன்சும் கணவாயைக் கடந்து, அன்றிரவே 3,600 மீட்டருக்கு மேலுள்ள காசாவில் படுத்து, மறுநாள் 4,400 மீட்டரில் லாங்சா என்றால் திடமான இளைஞருக்கே தலை பிளக்கும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், முந்தைய இரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் படுக்கக் கூடாது என்பது பொது விதி. பகலில் மேலே போய்விட்டு இறங்குவது நல்லதுதான்.

அதனால் சிம்லா வழியாக ஏறுங்கள். சிம்லா, சாராஹன், கல்பா, தாபோ என்று ஒவ்வோர் இரவு, காசாவில் மூன்று இரவு, அதற்குப் பிறகு லாங்சா. காசாவிலிருந்து லாங்சாவுக்கு ஒரே தாவலில் 700 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம், அதற்காகத்தான் அந்த மூன்று இரவு. இடையில் ஒரு பகல் லாங்சாவுக்கு அருகிலுள்ள ஹிக்கிம் வரை போய் இறங்கிவிடுங்கள். மொத்தம் பத்துப் பன்னிரண்டு நாளாகும். ஆறு நாள்தான் விடுப்பு என்றால் கல்பாவோடு திரும்பிவிடுங்கள். கல்பா இருக்கும் கின்னௌரிலும் வீட்டுத் தங்கல் உண்டு, ஆகஸ்டில் ஆப்பிள் தோட்டங்களைப் பார்க்கலாம்.

உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை வழக்கமாக 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும்; அது இயல்பு. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், அம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்தால் அவருக்கும், மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, இரவிலேயே இறங்க வேண்டும். லாங்சாவிலிருந்து காசா கார் பயணத்தில் ஒரு மணி நேரத்துக்குள். குன்சும் கணவாய்க்கு அருகிலுள்ள சந்திரதால் ஏரிப் பக்கம் இந்த வசதி கிடையாது. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒன்று கணவாய், இல்லை மோசமான பாதை. அம்மாவோடு அங்கே இரவு தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி கழிப்பறை. பல வீடுகளில் இப்போது தண்ணீர் ஊற்றும் கழிப்பறை வந்துவிட்டது. ஆனால் ஊரின் சொந்த முறை உலர் கழிப்பறை. மேல் தளத்தில் தரையில் ஒரு துவாரம், கீழே மூடிய அறை, ஓரத்தில் மண்ணும் சாம்பலும் குவித்து ஒரு மண்வெட்டி. ஒவ்வொரு முறையும் மேலே மண்ணைத் தள்ளிவிட வேண்டும். நாம் அங்கே செய்யும் தவறு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவது. ஈரம் சேர்ந்தால் மட்காமல் நாறும், குளிர்காலத்தில் உறைந்து கட்டியாகும். மட்கியது அடுத்த பருவத்தில் பார்லிக்கும் பட்டாணிக்கும் எருவாகப் போகிறது. எனவே நாப்கின், ஈரத்தாள், பிளாஸ்டிக் எதுவும் உள்ளே விழக் கூடாது. அவற்றைப் பையில் கட்டிக் காசாவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் முடியாது என்பவர்கள் காகிதத்தால் துடைத்துவிட்டு, வீட்டம்மா காட்டும் வேறிடத்தில் ஒரு குவளை நீரால் கழுவிக்கொள்ளலாம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அவர்களுக்கு இது பழகிய கேள்வி.

தினமும் வெந்நீர்க் குளியல் கேட்காதீர்கள். விறகு மரமே இல்லாத நிலம் அது. சாண வறட்டியும் கீழேயிருந்து வந்த விறகும் பனிக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருப்பவை.

சைவம் தாராளமாகக் கிடைக்கும்: சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, ரொட்டி, காய்கறி துக்பா (நூடுல்ஸ் சூப்), ஆவியில் வேகவைத்த டிமோ ரொட்டி. ஆகஸ்ட் பச்சைப் பட்டாணிக் காலம், அதைத் தவறவிடாதீர்கள். காய்கறி மட்டும்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், துக்பாவில் எலும்புச் சாறு சேர்ப்பதுண்டு. 4,400 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரிக்கே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. இரவு உணவு தாமதமானால் அதுதான் காரணம். பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோங்கள், அவர்களுக்கும் கொஞ்சம் கொடுங்கள். வெண்ணெய்த் தேநீர் குடிக்கக் குடிக்க நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கோப்பையை நிரம்பியபடியே விட்டுவைத்து, எழும்போது குடித்துவிடுங்கள். அடுப்பங்கரையில் அடுப்பை ஒட்டிய இடம் வீட்டுப் பெரியவருடையது, காட்டிய இடத்தில் உட்காருங்கள். அடுப்பில் குப்பையைப் போட்டு எரிப்பதும், தாழ்ந்த மேசையைத் தாண்டிக் கால் வைப்பதும் அவமரியாதை.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு டெமுலில் இடமே இல்லை. அங்கே வீடுகள் முறைவைத்து விருந்தினரை ஏற்கின்றன, உங்கள் முறைக்கு வரும் வீடுதான் உங்கள் வீடு. நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து ஒரே வீட்டில் எல்லாரும் குவிந்தால் மற்ற வீடுகளுக்கு என்ன கிடைக்கும்? மற்ற ஊர்களுக்குக் காசா டாக்சி நிலையத்தில் விசாரித்தாலே போதும். விலை ஓர் ஆளுக்கா, இரண்டு வேளைச் சாப்பாடு சேர்த்தா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரே வீட்டில் இரண்டு இரவு இருங்கள், ஓரிரவுக்கு வந்து போவோருக்குப் போர்வை துவைப்பதே அவர்களுக்கு வேலை. லாங்சாவில் குழந்தைகள் அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவத்தை நீட்டினால் வாங்காதீர்கள்.

காசாவின் ஏடிஎம்மை நம்பாமல் வழியிலுள்ள ராம்பூரிலோ ரெக்காங் பியோவிலோ பணம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது மணாலி வழியாக இறங்கலாம், அதற்குள் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும். அப்போது காசாவை விடியும் முன்பே விட்டுவிடுங்கள். குன்சும் கணவாய்க்குக் கீழே உள்ள பத்தலுக்குப் பிறகு சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகள் மதிய வெயிலில் பனி உருகிப் பெருகும், காலையில் கணுக்கால் அளவு இருந்தது பிற்பகலில் காரை நிறுத்திவிடும்.