அசனத்துக்கு வெங்காயம் உரித்தவன் சொல்கிறேன்

கேள்வி இது: "கிறிஸ்தவர்கள் எப்போது பார்த்தாலும் பாவம், கண்ணீர், மனந்திரும்புதல் என்றே பேசுகிறார்கள். உங்கள் வாழ்க்கையில் சந்தோஷத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் இடமே இல்லையா? மனுஷரை நேசிப்பது என்பதெல்லாம் மேடைப் பேச்சு மட்டும்தானா?"

கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது. இருக்கட்டும், நியாயமான குத்தல்தான். கன்வென்ஷன் என்கிற பிரசங்கக் கூட்டத்து ஒலிபெருக்கியை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு வேறு என்ன தோன்றும்? நான் பிரசங்கியார் கிடையாது. கோயம்புத்தூரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய சிறிய கிராமம். சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. எங்கள் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்போம், பாஸ்டரை ஐயர் என்போம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுக் குழம்புவது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

முதலில் ஒரு வாக்குமூலம். நீங்கள் சொல்கிற அந்த அழுமூஞ்சிக் கிறிஸ்தவனாக நானே இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது ஒரு ஜெபக்குழுவில் சேர்ந்தேன். சினிமா கூடாது, கிரிக்கெட் கூடாது, சத்தமாகச் சிரித்தால்கூட ஆவிக்குரிய வாழ்க்கையில் பின்வாங்கிவிட்டான் என்பார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடுவதே உலகப்பிரகாரமானது என்று அங்கே ஒரு அண்ணன் கற்றுக்கொடுத்தார். அந்த டிசம்பரில் ஊருக்குப் போனவன், அடுப்படியில் அதிரசத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், இதெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சரி, நீ திங்காத. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டாமா?"

என்னிடம் பதில் இல்லை. அதிரசமும் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிற்பாடு வேதத்தில் நெகேமியா புத்தகம் படித்தபோது அம்மா நினைவு வந்தது. எருசலேமில் ஆசாரியரான எஸ்றா நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசேயின் சட்டத்தை, வாசிக்கிறார், ஜனங்கள் கேட்டு அழுகிறார்கள். இன்றைக்கு ஒரு கூட்டத்தில் இப்படி நடந்தால் பிரசங்கியாருக்குப் பெரிய வெற்றி. அங்கேயோ தலைவர்கள் அழுகையை நிறுத்தச் சொல்கிறார்கள். போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்கள், இனிப்பானதைக் குடியுங்கள், ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்கிறார்கள். "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்று காலண்டரில் போடுகிறார்களே, அந்த வரி அதே வசனத்தில் இதற்கு அடுத்துதான் வருகிறது. காலண்டர்க்காரர்கள் சாப்பாட்டை வெட்டிவிட்டு மகிழ்ச்சியை மட்டும் அச்சடிக்கிறார்கள். பங்கு அனுப்பாமல் பண்டிகை முடியாது என்று அம்மா சொன்னதும் அதுதான். அவர் நெகேமியாவைப் பார்த்துச் சொல்லவில்லை.

இனி அசனத்துக்கு வருகிறேன். எங்கள் கொண்டாட்டத்தைப் பற்றிக் கேட்டால் கிறிஸ்துமஸை விட இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. அசனம் என்றால் சாப்பாடு, அவ்வளவுதான். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்ட சிஎஸ்ஐ கிராமங்களில் வருஷத்துக்கு ஒரு நாள் சபை முழுவதும் ஒரே உலையில் சமைத்து ஒரே பந்தியில் சாப்பிடும். ஊருக்கு ஊர் தேதி மாறும். எங்களுக்கு மே மாதம், பள்ளிக்கூட லீவில். மும்பைக்காரர்கள், சென்னைக்காரர்கள் எல்லாரும் வந்து சேருகிற சமயம்.

இரண்டு வாரம் முன்பே தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வரி, எழுதத் தொடங்கிவிடுவார்கள். அரிசி ஒருவர், மசாலா ஒருவர், விறகு ஒருவர் என்று ஏற்றுக்கொள்வார்கள். பிள்ளை பிறந்ததற்கு, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு, வேலை கிடைத்ததற்கு என்று நேர்ந்துகொண்ட பொருத்தனை ஆடுகள் வந்து கோயில் பின்புறம் வேப்பமரத்தில் கட்டிக் கிடக்கும். முந்தின நாள் சாயங்காலம் ஆண்கள் தரையில் நீளமாகக் குழி வெட்டிக் கோட்டை அடுப்பு போடுவார்கள். பெண்களும் பையன்களும் வெங்காயத்துக்கு உட்காருவோம்.

வெங்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்ன வெங்காயம், சாக்குக் கணக்கில். தார்ப்பாயில் கொட்டினால் முழங்கால் உயரம் நிற்கும். தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் லேசாக வரும், ஆனால் விரல் நுனி வெளுத்துச் சுருங்கிப்போகும். ஒன்பது மணிக்கு எல்லாருக்கும் கண்ணீர். பத்து மணிக்குப் பெரியம்மை ஒருத்தி, போன வருஷ அசனத்தில் எந்த மருமகள் எந்தச் சேலையில் வந்தாள் என்று ஆரம்பிப்பாள். பதினொரு மணிக்குக் கட்டங்காப்பி. அதற்குப் பிறகு யாராவது ஒரு பழைய கீர்த்தனையை எடுத்துவிட, வெங்காயக் கையோடு தாளம் போட முடியாமல் தொடையில் முழங்கையால் தட்டுவோம். பள்ளியில் என்னோடு படித்து, இப்போது துபாயில் கிரேன் ஓட்டுகிறவனும், ஊரிலேயே பனையேறுகிறவனும், பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறவனும் அந்தத் தார்ப்பாயில்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். "எப்படிரா இருக்க" என்று போனில் கேட்டால் "நல்லாருக்கேன்" என்கிறவன், இரண்டு கிலோ வெங்காயம் உரித்த பிறகு உண்மையைச் சொல்லுவான். வீட்டில் சண்டை, கடன், சுகர். எனக்குத் தெரிந்த எந்தச் சபை ஐக்கியக் கூடுகையிலும் இவ்வளவு உண்மை வெளியே வந்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குப் பாயில் வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் சோறு மலைபோலக் குவிந்து கிடக்கும். ஆவி பறக்கிற அந்தச் சோற்றுக்கு முன்னால் நின்று ஐயர் ஜெபிப்பார். சுருக்கமாக முடித்தால் நல்ல ஐயர். அப்புறம் ஓலைப்பெட்டிகளில் சோறும் வாளிகளில் குழம்பும் ஓட ஆரம்பிக்கும். முதல் பந்தி பிள்ளைகளுக்கு. சபைக்காரர்தானா என்று இலைக்கு முன்னால் யாரும் கேட்பதில்லை. பக்கத்துத் தெரு கோனார் வீட்டு ஆட்கள், பஸ் டிரைவர், அந்த வழியாக வந்த ஐஸ்காரர், எல்லாரும் உட்காருவார்கள். "ஏல, அந்த வரிசைக்குக் கறி போகலை பாரு" என்ற சத்தம்தான் அன்றைக்கு ஊரில் கேட்கிற பிரசங்கம்.

இதை எழுதும்போதே ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது எங்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது, சபையை விட்டே போனவர்கள் உண்டு. 1840-களில் மதுரை அமெரிக்க மிஷன், எல்லாச் சாதியாரும் சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்தை ஊழியர்களுக்குச் சோதனையாகவே வைத்தது. சாப்பிட மறுத்து வேலை இழந்த உபதேசியார்கள், அதாவது வேதம் கற்றுக்கொடுக்கிற மிஷன் ஊழியர்கள், பலர். அன்பைப் பற்றிப் பிரசங்கிக்க அவர்கள் தயாராக இருந்தார்கள், ஒரு பிடி சோறு இறங்கவில்லை. அதற்கு ஆயிரத்து எண்ணூறு வருஷம் முன்பு கொரிந்து சபையிலும் இதே கதைதான். கர்த்தருடைய பந்தி என்று கூடிய இடத்தில் ஒருவன் பசியோடு இருக்கிறான், ஒருவன் குடித்து வெறித்திருக்கிறான் என்று அப்போஸ்தலர் பவுல் திட்டி எழுதினார். எங்கள் சபைகளிலும் பந்தியில் தீர்ந்த சாதி பெண் கொடுத்து எடுப்பதில் தீரவில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் தீரவில்லை. அன்பு மேடைப் பேச்சா என்று நீங்கள் கேட்டால், இந்த இடத்தில் என்னால் மறுக்க முடியாது.

சரி, வீட்டுக் கதை ஒன்று. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஆறு வருஷம் பேச்சு கிடையாது. வரப்போரத்தில் நின்ற ஒரு பனைமரம் யாருடையது என்பதுதான் வழக்கு. அந்த மரத்தில் பதநீரும் அவ்வளவாகக் கிடையாது. இரண்டு பேரும் ஒரே கோயிலில், ஆளுக்கொரு பக்கத்துக் கடைசி பெஞ்சில். சமாதானப்படுத்தப் போன ஐயர்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார் அப்பா. ஒரு வருஷ அசனத்தில் அப்பாவுக்கு சாம்பார் வாளி. வரிசையில் வந்தவர் சித்தப்பா இலைக்கு முன்னால் வந்துவிட்டார். தாண்டிப் போக முடியாது, பந்தியில் அப்படிச் செய்தால் ஊரே பார்க்கும். நான் அப்பளக் கூடையோடு பின்னால் நின்றேன்.

அப்பா ஒரு கரண்டி ஊற்றினார். நின்றார். "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

"போதும்."

அவ்வளவுதான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழவில்லை. பனைமர வழக்கு அதற்குப் பிறகும் மூன்று வருஷம் ஓடியது. ஆனால் அடுத்த வாரம் சித்தி எங்கள் வீட்டுக்கு நுங்கு கொடுத்துவிட்டாள், எந்த மரத்து நுங்கு என்று யாரும் கேட்கவில்லை.

பிலிப்பியர் நிருபத்தில் "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். பவுல் காவலில் இருந்து எழுதியது. அதற்கு இரண்டு வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. எயோதியாள், சிந்திகேயாள் என்று சபையில் இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரே சிந்தையாக இருங்கள் என்று பேர் சொல்லிக் கெஞ்சுகிறார், இவர்களுக்கு உதவி செய் என்று இன்னொருவரிடமும் சொல்கிறார். அந்தச் சண்டையைச் சொன்ன கையோடுதான் சந்தோஷமாயிருங்கள் என்கிறார். என்ன தகராறு என்று எழுதவில்லை. வேலியோரத் தகராறாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

துக்கத்தில் இருக்கிறவனிடம் "எப்பொழுதும் சந்தோஷமாயிரு" என்று வசனம் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அப்பா இறந்தது ஒரு நவம்பரில். அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஸ்டார் கட்டவில்லை, எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. டிசம்பரில் இரவு பஜனைக்கு வருகிற பையன்கள் மூன்று வீட்டுக்கு முன்பே ட்ரம்மை நிறுத்திவிட்டு வந்தார்கள். வாசலில் நின்று மெதுவாக ஒரு பாட்டு. ஆர்மோனியம் வாசித்த பையன் சுருதியைத் தப்பான கட்டையில் பிடித்துவிட்டான். பாடுகிறவர்கள் மேலே எட்ட முடியாமல் தொண்டை கீச்சிட, அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நாற்பது நாளுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பையன்கள் பயந்துபோய் நிறுத்த, "பாடுங்கய்யா, முடிச்சிட்டுப் போங்க" என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் சித்தப்பாவே வந்தார். கையில் எவர்சில்வர் தூக்கு. முறுக்கு, அதிரசம், மேலே வாழையிலைத் துண்டில் முதலூர் மஸ்கோத் அல்வா. தேங்காய்ப்பாலில் கிண்டுகிற அல்வா அது, அப்பாவுக்கு உயிர். சித்தப்பா அதைச் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கோனார் வீட்டிலிருந்தும் இன்னொரு பாத்திரம் வந்தது. எங்கள் ஊரில் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. வீட்டிலோ அந்த வருஷம் ஒன்றும் செய்யவில்லை. அம்மா அடுப்படியில் கொஞ்ச நேரம் டப்பாக்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பாத்திரத்திலும் ஒரு கை சீனி போட்டுக் கொடுத்தார்.

கேள்வி கேட்டவர் தென் மாவட்டப் பக்கம் வருகிறவராக இருந்தால், மே மாதம் ஏதாவது ஒரு கிராமத்தில் கோயிலுக்குப் பின்னால் புகை எழுவதைப் பார்த்தால் தயங்காமல் உள்ளே போகலாம். யார் வீட்டு ஆள் என்று கேட்டால் சாப்பிட வந்தேன் என்று சொன்னால் போதும். முந்தின நாள் ராத்திரியே வந்துவிட்டால் இன்னும் நல்லது. வெங்காயத்துக்கு ஆள் எந்த வருஷமும் பத்தாது.