சந்தா நின்றால் கோப்பும் நிற்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரியில் படித்தபோது மாணவர் உரிமத்தில் ஒரு தொழில்முறை அனிமேஷன் மென்பொருளைப் பயன்படுத்தினேன். படிப்போடு உரிமமும் முடிந்துவிட்டது. மூன்று ஆண்டுகளாக வரைந்த என் சொந்தப் படங்களையே இப்போது திறக்க முடியவில்லை. மாதச் சந்தா கட்டும் அளவுக்கு இன்னும் வேலை அமையவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு என்ன வழி?

பதில்: ‘என் சொந்தப் படங்களையே’ என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டேன். தொழில்முறை மென்பொருள் தனிக் கலைஞர்களுக்கு எட்டவேண்டும் என்று பேசும்போதெல்லாம் விலையைப் பற்றியே பேசுகிறோம். விலையும் முக்கியம்தான். ஆனால், பணம் கட்டுவதை நிறுத்திய மறுநாளும் தாம் வரைந்ததை ஒருவர் திறந்து பார்க்கவும் திருத்தவும் முடிகிறதா என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில், பழைய கோப்புகளை மீட்கப் பாருங்கள். அதே மென்பொருளுக்கு உரிமம் வைத்திருக்கும் நண்பரிடமோ, உங்கள் கல்லூரி ஆய்வகத்திலோ அனுமதி பெற்று ஒருமுறை அவற்றைத் திறந்து, ஒவ்வொரு லேயரையும் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வரைபடத் தளம்) பின்னணி இல்லாத பிஎன்ஜி (PNG) பட வரிசையாகவும், ஒலியைத் தனி வேவ் கோப்பாகவும் வெளியே எடுத்துவிடுங்கள். எந்தப் படம் எத்தனை ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து ஓடும் தனிச் சட்டம்) நிற்கிறது என்ற கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளும் பட வரிசையும் இருந்தால் எந்த மென்பொருளிலும் காட்சியை மறுபடி கோத்துவிடலாம். மாணவர் உரிமத்தில் செய்ததை விற்பதற்குப் பெரும்பாலும் தடை இருக்கும் என்பதால், அந்த உரிமத்தின் விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

முழுச் சந்தாவுக்கும் இலவசத்துக்கும் நடுவே இடைவழி ஒன்றும் உண்டு. மாயா, ஹூடினி போன்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள்களுக்கு, ஆண்டு வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்கும் கலைஞர்களுக்கென்றே குறைந்த கட்டணத்தில் ‘இண்டி’ உரிமம் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆயினும், ஹூடினியின் இண்டி உரிமத்தில் சேமிக்கும் கோப்பு வழக்கமான வணிகக் கோப்பின் வடிவத்தில் இராது. பெரிய ஸ்டூடியோவோடு சேர்ந்து வேலை செய்ய நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: இலவச மென்பொருள்கள் பொழுதுபோக்குக்குத்தான் சரிப்படும், தொழிலுக்கு ஆகாது என்று என் மூத்த சக கலைஞர் சொல்கிறார். உண்மையா?

பதில்: ஒரு காலத்தில் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்று இல்லை. ஓப்பன்டூன்ஸ் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் உருவான ‘டூன்ஸ்’தான் அதன் மூலம். ஜப்பானின் ஸ்டூடியோ ஜிப்லி 1997இல் வெளியிட்ட ‘பிரின்சஸ் மோனோனோகே’ தொடங்கி டூன்ஸைப் பயன்படுத்தி, தன் தேவைக்கேற்ப மாற்றியும் கொண்டது. 2016 மார்ச்சில் ஜப்பானின் டுவாங்கோ நிறுவனம் டூன்ஸை வாங்கி, ஜிப்லியின் மாற்றங்களையும் சேர்த்து, எவரும் நிரலைப் பார்த்து மாற்றிப் பயன்படுத்தும்படி திறமூலமாக வெளியிட்டது. அதுவரை ஸ்டூடியோக்களுக்குள் இருந்த ஒரு கருவி, அப்படித்தான் வீட்டில் தனியாக உட்கார்ந்து வரைபவரின் கைக்கு வந்து சேர்ந்தது.

அதன் அருமை வேலை செய்யும்போதுதான் தெரியும். நொடிக்கு 24 ஃப்ரேம், ஒரு படம் இரண்டு ஃப்ரேமுக்கு நிற்கிறது என்று கணக்கிட்டால், ஒரு நிமிடக் காட்சிக்கு 720 படங்கள். எல்லாவற்றுக்கும் வண்ணம் தீட்டி முடித்தபின், பாத்திரத்தின் சட்டை நீலம் பின்னணியோடு ஒட்டவில்லை என்று தெரியவந்தால் சாதாரண ஓவிய மென்பொருளில் கண்ணீர்தான் வரும். ஓப்பன்டூன்ஸின் டூன்ஸ் ராஸ்டர் முறையில் ஒவ்வொரு புள்ளியும் நிறத்தை நேராகச் சுமப்பதில்லை. வண்ணத்தட்டில் எத்தனையாவது நிறம் என்ற எண்ணையே சுமக்கிறது. தட்டில் அந்த ஒரு நீலத்தை மாற்றினால் 720 படங்களிலும் சட்டை மாறிவிடும். பென்சில் கோட்டில் மயிரிழை இடைவெளி விட்டுப்போய் நிறம் வெளியே வழிகிறதா? அந்த இடைவெளியை ஒட்டி அடைக்க ‘டேப்’ என்றே ஒரு கருவி இருக்கிறது. வண்ணம் தீட்டும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவர்களின் தேவையிலிருந்து பிறந்த வசதிகள் இவை.

பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளைப் பற்றியும் சொல்லவேண்டும். அதை உருவாக்கிய நிறுவனம் 2002இல் நொடித்துப்போனது. அதன் மூல நிரலை மீட்பதற்குப் பயனர்கள் சில வாரங்களிலேயே 1,00,000 யூரோ திரட்டினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் அது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. அதே பிளெண்டரில் லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’, 2025இல் சிறந்த அனிமேஷன் முழுநீளப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. உங்கள் சக கலைஞருக்கு இதைவிட வேறு பதில் என்ன சொல்வது?

கேள்வி: கட்டற்ற மென்பொருளில் செய்த குறும்படத்தை விற்கலாமா? படத்தின் மூலக் கோப்புகளையும் எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டுமா?

பதில்: தாராளமாக விற்கலாம். கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பிளெண்டருக்கு உள்ள ஜிபிஎல் போன்ற உரிமங்கள் மென்பொருளின் நிரலையே கட்டுப்படுத்துகின்றன. அதில் நீங்கள் உருவாக்கிய படம் முழுக்க உங்களுடையது.

கேள்வி: சிறு குழுவாக இளைஞர்களுக்கு அனிமேஷன் கற்பிக்கிறேன். பூட்டு உடைக்கப்பட்ட திருட்டுப் பிரதியைத்தான் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். பணமில்லாதவர்களுக்கு வேறு வழியில்லையே என்று கண்டும் காணாமல் இருக்கிறேன். தவறா?

பதில்: உங்கள் இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால், அந்தப் பிள்ளைகள் நாளை முதல் வாடிக்கையாளரைச் சந்திக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். எந்த மென்பொருளில் செய்தீர்கள், உரிமம் இருக்கிறதா என்று கேட்டால் அவர்கள் தலைகுனிய நேரும். உடைக்கப்பட்ட பிரதியோடு கணினிக்குள் வைரஸ் புகுந்து, மாதக்கணக்கில் செய்த வேலை அழியும் அபாயமும் இருக்கிறது. பென்சில்2டியில் பந்து துள்ளுவதையும் மனிதன் நடப்பதையும் சொல்லிக்கொடுங்கள். மிக எளிய மென்பொருள் அது, பழைய கணினியிலும் ஓடும். கை பழகியபின் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளுக்கோ ஓப்பன்டூன்ஸுக்கோ அழைத்துச் செல்லுங்கள். நடையில் உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு, மென்பொருள் மாறினாலும் அந்தக் கண் மாறாது.

கேள்வி: பத்து ஆண்டுகளாக ஒரே மென்பொருளில் வேலை செய்கிறேன். மாற ஆசைதான், ஆனால் கை வரமாட்டேன் என்கிறது.

பதில்: நடந்துகொண்டிருக்கும் வேலையின் நடுவில் மாறாதீர்கள். கெடு தலைக்குமேல் இருக்கும்போது புதிய கருவி எதிரியாகத்தான் தெரியும். யாருக்கும் கொடுக்கவேண்டாத பத்து நொடிக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, வரைவது முதல் இறுதி ரெண்டர் (முடிந்த காட்சியைக் கணினி படமாக்கித் தருவது) வரை புதிய மென்பொருளிலேயே முடித்துப் பாருங்கள். எங்கே சிக்குகிறது என்று அதில் தெரிந்துவிடும். பெரும்பாலும் வரைவதில் சிக்காது; ஒலியைச் சேர்ப்பதிலும் வீடியோவாக வெளியே எடுப்பதிலும்தான் சிக்கும். அதற்கும் ஒரு வழி உண்டு: நேராக வீடியோவாக எடுக்காமல் பட வரிசையாக ரெண்டர் செய்து, பிறகு எடிட்டிங் மென்பொருளில் சேருங்கள். இரவில் பாதியில் கணினி நின்றுவிட்டாலும், அதுவரை வந்த ஃப்ரேம்கள் அப்படியே இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விசைப்பலகைக் குறுக்குவழிகளை உங்கள் பழைய பழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும் இங்கே சொன்ன மென்பொருள்கள் பலவற்றில் இடமுண்டு. அதை முதல் நாளே செய்துவிடுங்கள்.