ஏசி கேஸ் ஆராய்ச்சிக்கு ஜெர்மனி வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: எம்.டெக். கெமிக்கல் முடித்தாயிற்று, கிழக்கு ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது, தலைப்பு மாற்றுக் குளிர்பதன வாயுக்களுக்கான வினையூக்கி. எச்.எஃப். (ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்) வைத்து வேலை என்றதும் அம்மா பயப்படுகிறார். ஐரோப்பாவே இந்த வாயுக்களைத் தடை செய்யப் போகிறதாமே, நாலு வருஷ உழைப்பு வீணாகிவிடுமோ என்று உங்களுக்குக் கவலை. கடைசியாக, ஆய்வகத்தில் எல்லாரும் ஆங்கிலம்தானே, ஜெர்மன் படிக்க வேண்டுமா அக்கா என்று ஒரு கேள்வி.

இதே துறைக்கு நான் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். அம்மாவின் பயத்துக்கும் பதில் அதற்குள்ளேதான் இருக்கிறது.

பேசுவதற்கு ஆங்கிலம் போதும். கூட்டம், கட்டுரை, காபி நேர அரட்டை எல்லாம் ஓடிவிடும். ஆனால் சுவரில் ஒட்டியிருப்பது ஜெர்மன். நம் லேபில் ஃபியூம் ஹுட் என்போமே, அதற்கு இங்கே அப்ட்சூக் என்று பெயர். அதன் பக்கத்தில் கரை போட்ட ஒரு தாள் தொங்கும். எந்த அமிலம், என்ன ஆபத்து, மேலே பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். நான் ஆறு மாதம் அதன் கீழே நின்று வேலை செய்தேன். ஒருநாளும் படித்ததில்லை.

ஒரு மதியம், அலுமினியம் ஐசோபுரொப்பாக்சைடுக் கரைசலில் எச்.எஃப். கலந்த ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். முடித்துக் கையுறையைக் கழற்றும்போது இடது ஆள்காட்டி விரல் நுனியில் லேசாக ஈரம். வியர்வை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எரிச்சல் இல்லை, சிவக்கவும் இல்லை. குழாயில் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். மூன்று மணி நேரம் கழித்து, டிராம் நிறுத்தத்தில் நிற்கும்போது, நகக்கண்ணில் ஊசி ஏற்றுவது போல வலி கிளம்பியது.

நீர்த்த எச்.எஃப். அப்படித்தான். கந்தக அமிலம் பட்டால் அப்போதே கத்துவோம். இது சத்தமில்லாமல் தோலுக்குள் இறங்கி, அங்கிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி மணிக்கணக்கில் தள்ளி வரும். அதிகம் பட்டால் இரத்தத்தில் கால்சியம் குறைந்து இதயத்துக்கே ஆபத்து. திரும்பி ஓடினேன். ஆய்வகத்தின் தொழில்நுட்ப உதவியாளர் அம்மா இன்னும் கிளம்பவில்லை. ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லை எடுத்து என் விரலில் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் போன் செய்தார். விரல் பிழைத்தது. நகம் ஒன்று போய் முளைத்தது.

மறுநாள் அந்தத் தாளின் ஒரு வரியை அவர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்: "வலி இல்லாவிட்டாலும் உடனே தெரிவிக்கவும்." ஈரத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருந்தது, தம்பி. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பீக்கரை உடைத்தால் அபராதம், வகுப்பே பார்க்கத் திட்டு என்று வளர்ந்த பழக்கம். இங்கே ஃபெர்பாண்ட்பூக் என்று ஒரு பதிவேடு இருக்கும். சின்னக் கீறல் பட்டாலும் அதில் எழுத வேண்டும். பின்னால் உடம்புக்கு ஏதாவது ஆனால், வேலையிடத்து விபத்துக் காப்பீட்டுக்கு அந்த வரிதான் சாட்சி. எனக்குத் திட்டு விழுந்தது அமிலம் பட்டதற்காக அல்ல, அந்த மூன்று மணி நேரத்துக்காக.

ஆகவே விசா வரும் வரைக்கும் ஜெர்மன் மொழி சொல்லித்தரும் கோதே வகுப்பில் "என் பெயர் இன்னார்" படிப்பதோடு, ஃப்ளூஸ்ஸாய்ரே என்றால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், அவசர எண் 112 என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பேராசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஜெல் எங்கே இருக்கிறது? மாலையில் எச்.எஃப். வேலை செய்யும்போது கூட யார் இருப்பார்கள்? தடுமாறாமல் பதில் சொல்பவரிடம் தைரியமாகச் சேரலாம். மற்றபடி எச்.எஃப். அடக்கத் தெரிந்த மிருகம்தான். கண்ணாடியைத் தின்னும் என்பதால் உலையும் குழாயும் நிக்கல், மோனெல், இன்கோனெல் உலோகத்தில் இருக்கும். வெளியேறும் வாயு காரக் கரைசலுக்குள் போய்த்தான் வெளியே வரும்.

சரி, தடை விஷயம். இந்தத் துறையில் எந்த மூலக்கூறும் நிரந்தரமாக உட்கார்ந்ததில்லை. குளோரின் இருந்த பழைய குளிர்பதன வாயுக்களான ஃபிரியான்களை, ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987 மொன்றியல் ஒப்பந்தம் வெளியே அனுப்பியது. ஓசோனைத் தொடாத ஆர்-134ஏ வந்தது. அது கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு வெப்பமாக்கும் என்பதால் அதே ஒப்பந்தத்தின் 2016 கிகாலி திருத்தம் அதன் கழுத்திலும் கை வைத்தது. அடுத்து வந்த ஆர்-1234ஒய்எஃப் காற்றில் சில நாளிலேயே உடைந்துவிடும், வெப்பமாக்கும் திறன் சொற்பம். ஆனால் உடைந்து டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலமாக மழையில் இறங்குகிறது, அது மட்கவே மட்காது. 2023இல் ஜெர்மனி உள்பட ஐந்து நாடுகள் கொடுத்த பி.எஃப்.ஏ.எஸ். (எளிதில் அழியாத ஃபுளோரின் சேர்மங்கள்) தடை முன்மொழிவில் இதுவும் வருகிறது. நம் ஊர் ஏசிகளில் இருக்கும் ஆர்-32 அந்த வரையறைக்குள் வராது, ஆனால் அதன் வெப்பமாக்கும் திறன் 675.

நீங்கள் வரும் பக்கத்திலேயே இதற்கு ஒரு கதை உண்டு. சாக்சனி மாநிலத்தில் ஷார்ஃபன்ஸ்டைன் என்ற ஊரில் கிழக்கு ஜெர்மனிக் காலத்து ஃபிரிட்ஜ் தொழிற்சாலை ஒன்று 1992இல் மூடப்படும் நிலையில் இருந்தது. புரொப்பேன், பியூட்டேன் வகை வாயுவில் ஓடும் ஃபிரிட்ஜைச் செய்து காட்டச் சொல்லி கிரீன்பீஸ் அமைப்பு அவர்களிடம் போனது. ஏறக்குறைய நம் வீட்டு சமையல் சிலிண்டரில் இருக்கும் சரக்கு! போட்டிக் கம்பெனிகள் இதைக் குண்டு என்றே பயமுறுத்தின. 1993இல் ஃபோரோன் என்ற பெயரில் ஃபிரிட்ஜ் கடைக்கு வந்தது. பயமுறுத்தியவர்களே கொஞ்ச நாளில் ஐசோபியூட்டேனுக்கு மாறினார்கள். ஃபோரோன் 1996இல் திவாலானது, அது வேறு வருத்தம். இன்று உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஆர்-600ஏ என்று இருந்தால், அது அந்த வாயுதான்.

இதெல்லாம் எதற்கு என்றால், உங்கள் ஆய்வேட்டின் தலைப்பில் இருக்கும் வாயு நீங்கள் பட்டம் வாங்குவதற்குள் செல்லாக்காசாகலாம். ஆகட்டும். நீங்கள் கற்பது வினையூக்கியின் மேற்பரப்பை. குரோமியம் ஆக்சைடை 350 டிகிரி வாக்கில் எச்.எஃப்.பில் காட்டி உயிர்ப்பிப்பது, நாலு நாளில் அதன் மேல் கரி படிந்து வாயுக்களைப் பிரித்து அளக்கும் ஜி.சி. கருவியில் சிகரம் குட்டையாவதைப் பார்ப்பது, காற்று விட்டு எரித்து மீட்பது. 2003இல் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் எர்ஹார்ட் கெம்னிட்ஸ் குழு, சோல்-ஜெல் முறையில் (கரைசலைக் கூழாக்கிச் செய்வது) மிகப் பெரிய மேற்பரப்புள்ள அலுமினியம் ஃபுளோரைடைச் செய்து காட்டியது. என் விரலைச் சுட்டதும் அந்த வழிச் சமையல்தான். அந்த மாதிரி வலுவான லூயி அமிலப் பரப்புகள் (எலக்ட்ரான் இணையை இழுத்துக்கொள்பவை) கார்பன்-ஃபுளோரின் பிணைப்பைக் கட்டவும் உதவும், உடைக்கவும் உதவும். பழைய வாயுக்களை அழிக்க வேண்டிய காலத்தில் உடைக்கத் தெரிந்தவருக்கும் வேலை உண்டு. ஆனால் உங்கள் திட்டம் இருக்கும் வாயுக்களை விகிதம் மாற்றிக் கலந்து பார்ப்பது மட்டும்தான் என்றால், நான் யோசிப்பேன்.

வேலை இன்னொரு பக்கமும் இருக்கிறது. இங்கே பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது. குளிர்பதன வாயுவில் டாக்டர் பட்டம் வாங்கிய நான், ஜூலை மாதம் மொட்டை மாடிக்குக் கீழ் வீட்டில் ஈரத்துண்டும் மேசை விசிறியுமாகக் கிடக்கிறேன். ஆனால் குளிர்காலத்துக்கு வெப்ப பம்ப் வந்துகொண்டிருக்கிறது. ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி. புரொப்பேன் போன்ற இயற்கை வாயு இருந்தால் அரசு மானியத்தில் 5 சதவீதம் கூடுதல். அந்தக் கம்பெனிகளில் ஜெர்மன் இல்லாமல் நுழைவது கஷ்டம்.

சம்பளம் ஈ13 என்ற அரசு ஊதிய நிலையில் 67 சதவீதமா 75ஆ என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பட்டத்துக்கு முன் ஆறு வருஷம், பின் ஆறு வருஷம்தான் பல்கலைக்கழகத்தில் தற்காலிக வேலையில் இருக்கலாம், அதையும் மனதில் வையுங்கள். வீடு புகுந்த இரண்டு வாரத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும், சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம், அம்மா அலுமினியக் குக்கரை மூட்டை கட்டினால் தடுத்துவிடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு அதைச் சட்டை செய்யாது. ஸ்டீல் குக்கர், கூட இரண்டு கேஸ்கட்.