பேரிடர் நேரத்தில் ‘எல்லோரும் ஏறக்கூடிய வண்டி’ ஏற்பாடு என்றால் என்ன?

வெள்ளமோ தீயோ வந்து ஊரைக் காலி செய்யும்போது, நடக்க முடியாதவர்களும் ஏறக்கூடிய வண்டியை முன்கூட்டியே பேசி வைப்பதுதான் இது. சாய்தளமோ லிஃப்டோ உள்ள வேன், சக்கர நாற்காலியை அசையாமல் கட்டப் பட்டை, தூக்கிவிட இரண்டு ஆள்.

முன்கூட்டியே ஏன்? அந்த நேரத்தில் வண்டி கிடைக்காது என்பது பாதிக் காரணம். மீதி, வீட்டு வாசலில் இருக்கிறது. காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறவே படிகள். திண்ணை மூன்றடி உயரம் என்று வையுங்கள். ஓர் அடி ஏறப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. அப்படியானால் 36 அடி! அவசரத்தில் அதற்கு எங்கே போவது? ஆச்சியை நாற்காலியோடு தூக்க வேண்டியதுதான். யார் தூக்குவது என்று அன்றைக்கு உட்கார்ந்து பேச முடியாது.

கல்யாணத்துக்கு வேன் பேசும்போது முட்டிவலிக்காரருக்கு முன் சீட்டை முதலிலேயே ஒதுக்குவோமே, அதே கதைதான். மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரத்தைப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வைத்திருக்க வேண்டும் என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவு. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் பெயர் அதில் இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள்.

‘அதான் 108 வருமே’ என்பார்கள். அது மருத்துவ அவசரத்துக்கு. சக்கர நாற்காலியில் இருப்பவர் நோயாளி அல்ல, பயணி.